இரண்டு பன்னிரண்டு மணிக்கு நடுவிலை

மணி என்ன எண்டு மட்டும் என்னட்டைக் கேக்காதையுங்கோ, எனக்கு விசர் வரும். எங்கடை நாட்டிலை பத்துப் பன்னிரண்டு வருஷமாய் இரண்டு நேரம் இருந்தது. கரண்டை மிச்சம் பிடிக்கவேணும் எண்டு அரசாங்கம் ஒருநாள் மணிக்கூட்டு முள்ளை அரை மணித்தியாலம் முன்னுக்குத் தள்ளினது. நாங்கள் கரண்டைக் கண்ணாலை கண்டே எத்தினை வருஷம், இதிலை எங்களுக்கு என்ன மிச்சம் எண்டு அரசாங்கத்தோடை சண்டை பிடிச்ச இயக்கம் பழைய நேரத்தைப் பிடிச்சுக்கொண்டு நிண்டது. அண்டையிலையிருந்து ஆமிப் பக்கத்துப் பிள்ளையள் பள்ளிக்கூடம் விட்டு வீட்டை வந்து கைகால் கழுவிச் சோத்துக்கு முன்னாலை குந்த, இயக்கப் பக்கத்துப் பிள்ளையள் கடைசிப் பாடத்திலை கொட்டாவி விட்டுக்கொண்டிருப்பினம். நிலத்துக்கு எண்டு தொடங்கின சண்டை கடைசியிலை நேரத்திலை வந்து நிண்டது. நான் ஆரையும் குறை சொல்லேல்லை, குறை சொல்லிச் சொல்லி வாய் அலுத்துப்போச்சு.

முதிரையடிச் சந்தியிலை ஆமியின்ரை கடைசிக் காவல் சென்றிக்கும் இயக்கத்தின்ரை முதல் சென்றிக்கும் நடுவிலை அறுநூறு யார் ரோட்டு கிடந்தது. அதைச் சூனியப் பிரதேசம் எண்டு சொல்லுவினம். ஆருக்கும் சொந்தமில்லாத நிலம், இரண்டு பக்கமும் கண்ணிவெடி, நடுவிலை கூரை பறந்துபோன ஒரு பழைய கூட்டுறவுச் சங்கக்கடைக் கட்டடம், பக்கத்திலை ஒரு நாவல் மரம், அவ்வளவுதான். மத்தியானம் பன்னிரண்டு அடிக்க ஆமிப் பக்கம் சங்கு ஊதுவினம். அதுக்கு அரை மணித்தியாலம் கழிச்சு, தங்கடை பன்னிரண்டுக்கு, இயக்கப் பக்கம் முதிரை மரத்திலை கட்டித் தொங்கவிட்ட தண்டவாளத் துண்டிலை அடிப்பினம். சங்குக்கும் தண்டவாளத்துக்கும் நடுவிலை இருந்த அந்த அரை மணித்தியாலத்துக்கும் ஒரு சொந்தக்காரன் இல்லை. ஆருமில்லாத நிலத்திலை ஆருமில்லாத நேரம் எண்டால் அதுக்குள்ளை ஆரோ வந்து குடியேறத்தானே பாப்பினம்.

சண்டை ஓய்ஞ்சு மூண்டாம் மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை, சிவக்கொழுந்து அக்கா ஆமிப் பக்கத்து ஆசுப்பத்திரியிலை பிறசருக்கு மருந்து எடுத்துக்கொண்டு, வெயிலுக்குச் சீலைத் தலைப்பைத் தலையிலை போட்டுக்கொண்டு, சூனியப் பிரதேசத்துக்காலை நடந்து வந்திருக்கிறா. சங்கு ஊதினது. சங்கக்கடை மதிலோரம் ஒரு பெடியன் குந்தியிருந்து அறுந்த செருப்பு வாருக்கு ஊசி குத்திக்கொண்டிருந்தான். ஏழு வருஷத்துக்கு முந்திக் காலமை பேப்பர் வாங்கப் போய் வராமல் விட்ட அவவின்ரை மகன் ரகுவரன். அண்டைக்குப் போட்ட அதே நீலச் சேட்டு, அதே பத்தொன்பது வயது. அக்கா என்ன செய்தா எண்டு நினைக்கிறியள்? மயங்கி விழேல்லை. "இந்தச் செருப்பை அண்டைக்கே எறியடா எண்டு சொன்னனான், கேட்டியோ?" எண்டு பேசினா. அவன் சிரிச்சான். அரை மணித்தியாலம் இருந்து இரண்டு பேரும் ஊர்க்கதை கதைச்சினம். தண்டவாளம் அடிச்சுது, ஆளைக் காணேல்லை. அக்கா வீட்டை போய் அரிசி களைஞ்சா.

அடுத்தநாள் பதினொரு பேர் வந்தினம். கிழமை முடிய நாப்பத்தொரு பேர். அதுக்கு மேலை கூடேல்லை. செத்தவை ஆரும் வரேல்லை. உடல் கிடைச்சு, பறை அடிச்சு, காடாத்து முடிஞ்ச ஆக்கள் ஒருத்தரும் வரேல்லை. காணாமல் போனவை மட்டும்தான் வந்தினம். அவையளிலை அரைவாசிப் பேர் ஆளைக் கடத்துற வெள்ளை வானிலையும் ஆமிச் சுற்றிவளைப்பிலையும் போனவை, மற்ற அரைவாசி இயக்கம் விசாரணைக்கு எண்டு கூட்டிக்கொண்டு போய்த் திருப்பி அனுப்பாதவை. ஒரு ஆமிப் பெடியனும் இருந்தான். அவன்ரை தாய் குசுமாவதி, செய்தி கேள்விப்பட்டுத் தெற்கிலை ஏதோ ஒரு மூலையிலிருந்து மூண்டு பஸ் மாறி, கிரிபத் எண்ட பாற்சோறு கட்டின வாழையிலையோடை வந்து இறங்கினா. எங்கடை பொம்பிளையள் அவவைக் கொஞ்ச நேரம் முழிசிப் பாத்துப்போட்டு, "வெயிலுக்கை நிக்காமல் வாவன் இஞ்சாலை" எண்டு நிழலிலை இடம் விட்டினம்.

ஊர் இதை எப்பிடி எடுத்தது எண்டு வெளியூர் ஆக்கள் எல்லாரும் கேக்கினம். எப்பிடி எடுக்கிறது? பஸ் வராததை எடுத்த மாதிரி, சீனி இல்லாததை எடுத்த மாதிரித்தான் இதையும் எடுத்தம். பதினொன்றரைக்குச் சோத்துப் பார்சலோடை ஆமிச் சென்றியிலை ஒரு வரிசை, இயக்கச் சென்றியிலை ஒரு வரிசை. ஐஸ்பழக்காரன் இரண்டு வரிசைக்கும் நடுவிலை பெல் அடிச்சுக்கொண்டு வந்து நிண்டான். சூனியப் பிரதேசத்துக்குள்ளை நிக்கிற எல்லாரும் பாஸ் எடுக்கவேணும் எண்டு ஆமி சொல்ல, உள்ளை போறவைக்குத்தானே பாஸ், இவை உள்ளை போகேல்லையே எண்டு பொம்பிளையள் சண்டை பிடிக்க, கடைசியிலை வந்து நிண்ட எல்லாருக்கும் ஒவ்வொரு நாளும் புதுசாய்ப் பாஸ் எழுதிக் குடுத்தினம். குசுமாவதியின்ரை மகன் விடுப்பு எடுக்காமல் ஆறு வருஷம் வேலைக்கு வரேல்லை எண்டு அவன்மேலை விசாரணை வைக்கவேணும் எண்டு ஒரு கப்டன் கடிதம் கொண்டு வந்தவன், தாய்க்காரி அந்தக் கடிதத்தாலை மகன்ரை முகத்துக்கு விசிறி விட்டா. ஒரு பெட்டைக்கு இருபத்தொரு வயது வந்திட்டுது, தேப்பனுக்கு இன்னும் முப்பத்துநாலு. பெட்டை தேப்பனைப் பாத்து, "அப்பா, தலைக்கு எண்ணெய் வையுங்கோவன்" எண்டு அதட்டும். எல்லாம் ஒரு மாதத்திலை பழகிப்போச்சு. மழை பெய்தால் குடையோடை போனம்.

ஒரேயொரு கட்டுப்பாடுதான் இருந்தது, அதையும் நாங்களாய் வைக்கேல்லை. இரண்டாம் கிழமை சிவக்கொழுந்து அக்காவுக்கு மனம் கேக்கேல்லை. "எடேய், உன்னை ஆரடா கொண்டு போனது, இப்ப எங்கையடா இருக்கிறாய்?" எண்டு கேட்டுப்போட்டா. அவன் ஒளிக்காமல் சொன்னான். இன்ன முகாம், பின்பக்கத்துப் பனையடி, மலசலகூடத்திலையிருந்து வடக்கை பதினெட்டு அடி எண்டு சொன்னான். சொல்லி முடிஞ்சதோடை போயிட்டான், பிறகு வரவேயில்லை. அக்கா ஒரு மாதம் சோத்துப் பார்சலோடை வந்து மதிலடியிலை நிண்டு நிண்டு திரும்பிப் போனா. அந்த இடத்தைக் கிண்டித் தாங்கோ எண்டு கச்சேரிக்கு, அரசாங்க அதிபரின்ரை அலுவலகத்துக்குப் போனா. "ஆர் சொன்னது?" எண்டு கேட்டினம். "மகன் சொன்னவன்" எண்டா. "மகன் சொன்னவன் எண்டால் மகன் உயிரோடை இருக்கிறான்தானே அம்மா, பிறகு எதைக் கிண்டுறது? எழுத்திலை ஏதும் பதிவு இருக்கோ?" எண்டு கேட்டு அனுப்பிவிட்டினம். அதோடை மற்றப் பொம்பிளையளுக்கு விளங்கிட்டுது. கேட்டால் இடம் கிடைக்கும், ஆள் போகும். கேக்காட்டி ஒவ்வொரு நாளும் அரை மணித்தியாலம் ஆள் கிடைக்கும். நாப்பது குடும்பமும் வாயை இறுக்கிக்கொண்டினம். வேறை ஆள் கேட்டாலும் பலனில்லை. உரிய ஆள் கேட்டால்தான் அவை சொல்லுவினம்.

நான் பவளராணி. ஊரிலை இங்கிலிஷ் டீச்சர். தேப்பன் ரெயில்வேயிலை இருந்தபடியால் தெற்கிலை வளந்தனான், சிங்களமும் தண்ணிபட்ட பாடு. சமாதானம் பேசவெண்டு பனி கொட்டுற தேசத்திலிருந்து வந்த ஆக்கள் சங்கக்கடைக்குத் தகரம் போட்டு, உள்ளை ஒரு நீட்டு மேசையைப் போட்டு, என்னை மொழிபெயர்க்கக் கூப்பிட்டினம். அவையின்ரை தலைவர் ஆறே கால் அடி உயரம், பேர் எங்கடை நாக்கிலை பிரளாது, அதாலை ஊரே அவரை நெட்டையர் எண்டுதான் சொன்னது. நல்ல மனுசன். வெயிலுக்குத் தோல் உரிஞ்சு உரிஞ்சு, வாற கிழமை முடியும், வாற மாதம் முடியும் எண்டு சொல்லிச் சொல்லி, அவருக்கும் தலைமயிர் எங்கடை கண்ணுக்கு முன்னாலை நரைச்சது. முதல்நாளே எனக்கு இரண்டு சட்டம் சொன்னார். ஆர் பேசினாலும் அவையாய் நிண்டு 'நான்' எண்டுதான் மொழிபெயர்க்கவேணும், 'அவர் சொல்லுறார்' எண்டு சொல்லக்கூடாது. இரண்டாவது, மேசையிலை நான் மொழிபெயர்த்தது மட்டும்தான் பதிவிலை ஏறும், மொழிபெயர்க்காதது நடக்கேல்லை.

மேசையின்ரை ஒரு பக்கம் பிரிகேடியர், மற்றப் பக்கம் இயக்கத்தின்ரை பொறுப்பாளர். இரண்டு பேரும் மரியாதையான ஆக்கள். பிரிகேடியர் ஒவ்வொரு நாளும், "டீச்சர், சாப்பிட்டாச்சா?" எண்டு தமிழிலை கேப்பார். பொறுப்பாளர் எனக்கு இடுப்பும் நாரியும் நோகுது எண்டு அறிஞ்சு ஒரு தலையணை கொண்டு வந்து கதிரையிலை வைச்சவர். இருபத்திரண்டு சுற்றுப் பேச்சு. எல்லை எது எண்டு எட்டுச் சுற்று, ரோட்டை ஆர் திருத்துறது எண்டு ஆறு சுற்று, மேசையிலை எந்தப் பக்கம் எந்தக் கொடி எண்டு மிச்சம் எட்டுச் சுற்று. நான் பிரிகேடியராயும் பேசினன், பொறுப்பாளராயும் பேசினன். 'நான் ஒரு அங்குலமும் விடமாட்டன்' எண்டு இந்தப் பக்கத்துக்கும் 'நான் ஒரு அங்குலமும் தரமாட்டன்' எண்டு அந்தப் பக்கத்துக்கும் சொல்லிச் சொல்லி, வீட்டை வந்தால் பூனையோடை கதைக்கவும் எனக்குச் சீவன் இல்லை.

இப்ப என்ரை கதை. நாப்பத்தொரு பேரிலை ஒருத்தர் என்ரை மனுசன் சற்குணநாதன். மின்சாரசபையிலை கம்பி வேலை. கரண்ட் இல்லாத ஊரிலை என்ன வேலை எண்டு கேப்பியள். விழுந்த கம்பியை ஆரும் களவெடுக்காமல் சுத்தி வைக்கிறதுதான் வேலை. ஒன்பது வருஷத்துக்கு முந்தி ஒரு வெள்ளிக்கிழமை காலமை சைக்கிளிலை போனவர். அண்டைக்கு அந்த ரோட்டிலை காலமை ஆமி நிண்டது, மத்தியானம் ஆமி பின்வாங்க இயக்கம் நிண்டது. இவர் எத்தினை மணிக்கு அதாலை போனவர் எண்டு ஆருக்கும் தெரியாது. சைக்கிள் மட்டும் ஒரு வேலியோடை சாத்திக் கிடந்தது. கொண்டு போனது அவையோ இவையோ எண்டு எனக்குத் தெரியாது. தெரியாமல்தான் நான் ஒவ்வொரு நாளும் அந்த இரண்டு பேருக்கும் நடுவிலை இருந்து, இந்த முகத்தையும் பாத்து, அந்த முகத்தையும் பாத்து, உங்களிலை ஆரடா எண்டு நெஞ்சுக்குள்ளை கேட்டுக்கொண்டு, வாயாலை 'நான் சமாதானத்தை விரும்பிறன்' எண்டு மொழிபெயர்த்தன்.

பேச்சு நடக்கிறதும் அதே அரை மணித்தியாலத்திலைதான், ஏனெண்டால் இரண்டு பக்கமும் ஒத்துக்கொள்ளுற வேறை நேரம் இல்லை. என்னைப்போலை மேசை வேலைக்கு வைச்ச ஆக்கள் நடுநிலையாய் இருக்கவேணும், சூனியப் பிரதேசத்திலை நிக்கிற ஆரோடையும் கதைக்கக்கூடாது எண்டு கையெழுத்தும் வாங்கியிருந்தினம். யன்னலுக்காலை பாத்தால் இவர் நாவல் மரத்தடியிலை நிப்பார், கையிலை பழைய கம்பித்துண்டொண்டை வளைச்சுக்கொண்டு. பேச்சில்லாத ஞாயிற்றுக்கிழமையளிலை மட்டும் நான் டீச்சராய் இல்லாமல் பெண்சாதியாய்ப் போவன். பக்கத்திலை இருப்பன். "கிணத்துக் கப்பி கீச்சிடுதோ?" எண்டு கேப்பார். "எண்ணெய் விட்டனான்" எண்டு சொல்லுவன். ஞாயிறுக்கு ஞாயிறு ஆர் கொண்டு போனது எண்டு கேக்க வெளிக்கிடுவன். அதைக் கேட்டால் அடுத்த ஞாயிறு இல்லை. கப்பிக் கதையிலேயே நிப்பாட்டிப்போடுவன்.

ஒருநாள் வேலையை விடுறன் எண்டு வெளிக்கிட்டனான். பொம்பிளையள் விடேல்லை. "நீங்கள் போனால் தலைநகரிலிருந்து ஒரு கோட்டுப் போட்டவனைக் கொண்டு வந்து இருத்துவாங்கள், எங்கடை வாயிலை வாறதை அவன் எங்கை சொல்லப்போறான்?" எண்டு சிவக்கொழுந்து அக்கா கையைப் பிடிச்சா. இருந்திட்டன். ஊருக்கு எண்டு இருந்தன், எனக்கெண்டு இருக்கேல்லை.

இருபத்திமூண்டாம் சுற்றிலை நெட்டையர் களைச்சுப் போனார். அவரின்ரை தேசத்திலை தேர்தல் வருகுதாம், இவ்வளவு காலமும் அங்கை என்ன செய்தனீர் எண்டு கேக்கினமாம். "ஒண்டே ஒண்டு, சின்னதாய், ஆருக்கும் வலிக்காத ஒண்டு, அதிலையாவது ஒத்துக்கொள்ளுங்கோ" எண்டு கையெடுத்துக் கும்பிடாத குறையாய்ச் சொன்னார். பிறகு தானே, "மணிக்கூட்டை ஒண்டாக்குவமே" எண்டார். நான் மொழிபெயர்த்தன். இருபத்திரண்டு சுற்றிலை தேத்தண்ணிக்குச் சீனி எவ்வளவு எண்டதிலும் ஒத்துக்கொள்ளாத இரண்டு பேரும் ஒருதரை ஒருதர் பாத்தினம். "சம்மதம்" எண்டார் பிரிகேடியர். "எங்களுக்கும் ஆட்சேபணை இல்லை" எண்டார் பொறுப்பாளர். நெட்டையருக்குக் கண் கலங்கிப்போச்சு.

ஏன் ஒத்துக்கொண்டினம் எண்டு நெட்டையருக்கு விளங்கேல்லை, எனக்கு விளங்கினது. வெளியிலை நாவல் மரத்தடியிலையும் மதிலோரத்திலையும் நாப்பது பேர் நிக்கினம். அவையளிலை அரைவாசிப் பேரைப் பிரிகேடியர் யன்னலுக்காலை பாக்க விரும்பேல்லை, மற்ற அரைவாசியைப் பொறுப்பாளர் பாக்க விரும்பேல்லை. அந்த மேசையிலை இரண்டு பக்கத்துக்கும் பொதுவாய் இருந்தது அது ஒண்டுதான்.

அதுக்குப் பிறகும் ஆரின்ரை மணிக்கூட்டைத் திருப்புறது எண்டு மூண்டு கிழமை இழுபட்டது. அரசாங்கம் பின்னுக்கு வந்தால் தோத்த மாதிரி, இயக்கம் முன்னுக்குப் போனால் பணிஞ்ச மாதிரி. நெட்டையர் தன்ரை தொழிலிலை படிச்சதைச் செய்தார், நடுவாலை வெட்டினார். அரசாங்கம் கால் மணித்தியாலம் பின்னுக்கு, இயக்கம் கால் மணித்தியாலம் முன்னுக்கு. எங்கடை நாட்டிலை அண்டைவரை ஒரு மணிக்கூடும் காட்டாத ஒரு புது நேரம். அரசாங்கத்துக்குப் பன்னிரண்டேகாலும் இயக்கத்துக்குப் பதினொன்றே முக்காலும் ஆகிற அந்த நிமிஷத்திலை, கமராக்களுக்கு முன்னாலை, இரண்டு பக்கமும் முள்ளைத் திருப்பிப் பன்னிரண்டிலை வைக்கிறது எண்டு முடிவாச்சு.

நெட்டையர் நல்ல மனுசன் எண்டு சொன்னனே, பொம்பிளையளின்ரை கருத்தையும் கேக்கவேணும் எண்டு கூட்டம் வைச்சார். "அந்த அரை மணித்தியாலம் அவைக்கு ஒண்டுக்கும் உதவாதது தம்பி, எங்களுக்கு விட்டுவிடச் சொல்லு" எண்டு சிவக்கொழுந்து அக்கா சொன்னா. அவவுக்கு அங்கை வர ஆளில்லை, ஆனாலும் சொன்னா. குசுமாவதி அழுதா, அழுகையை நான் எப்பிடி மொழிபெயர்க்கிறது? நெட்டையர் தலையைக் குனிஞ்சு எல்லாம் எழுதினார். "மனிதாபிமானப் பிரச்சினையள் மூண்டாம் கட்டத்திலை வரும்" எண்டார். "இது முதலாம் கட்டம்" எண்டார்.

பொம்பிளையள் அண்டைக்குப் பின்னேரமே தீர்மானிச்சிட்டினம். எப்பிடியும் ஆள் போகப்போகுது, இனி வாயை மூடி என்ன லாபம்? கடைசிநாள் எல்லாரும் கேக்கிறது. கேக்கிறதைச் சும்மா கேக்காமல் மேசைக்கு முன்னாலை, மைக்குக்கு முன்னாலை, பதிவிலை ஏறுற மாதிரிக் கேக்கிறது. பிறகு கச்சேரியிலை ஆர் சொன்னது எண்டு ஒருத்தனும் கேக்கேலாது. "டீச்சர், நீங்கள் சொன்னால்தான் அது நடந்ததாகும்" எண்டு சிவக்கொழுந்து அக்கா சொன்னா. நான் ஓம் எண்டன். கணக்கும் பாத்து வைச்சன். பதினைஞ்சு நிமிஷம். முப்பத்தொன்பது பேர், ஆளுக்கு ஒரு வசனம். பன்னிரண்டு நிமிஷத்திலை முடிச்சுப்போட்டு மைக்கை வைச்சிட்டு நாவல் மரத்தடிக்கு ஓடுறது. மூண்டு நிமிஷம் எனக்கு. ஒன்பது வருஷத்துக் கேள்விக்கு மூண்டு நிமிஷம் காணும்.

அந்த நாள் வந்தது. வாழை கட்டி, தோரணம் கட்டி, வெளிநாட்டுக் கமராக்காரர், வெள்ளைக் குடை, ஒரு மேசையிலை இரண்டு பெரிய மணிக்கூடு. சங்கு ஊதினது. நாப்பது பேரும் வந்தினம். பிரிகேடியர் பேச எழும்பினார், அதுக்கு முதல் பொம்பிளையள் எழும்பிட்டினம். ஒவ்வொருத்தியும் தன்ரை தன்ரை ஆளைக் கையிலை பிடிச்சுக் கூட்டிக்கொண்டு மேசைக்கு முன்னாலை வரிசையிலை வந்து நிண்டினம், சங்கக்கடையிலை கூப்பன் அரிசிக்கு நிண்ட பழக்கம், ஒருத்தி முந்தேல்லை, ஒருத்தி தள்ளேல்லை. காவலுக்கு நிண்ட ஆக்கள் நெட்டையரைப் பாத்தினம். அந்த மனுசனை நான் இதிலை குறை சொல்லமாட்டன். நிப்பாட்டுங்கோ எண்டு அவர் ஒரு சொல்லுச் சொல்லேல்லை. பேனையைத் திறந்தார்.

முதல் பொம்பிளை கேட்டா, "எங்கை அப்பு இருக்கிறாய்?" பெடியன் சொன்னான். நான் மைக்கிலை மூண்டு பாஷையிலையும் சொன்னன்: "நான் நெற்களஞ்சியத்துக்குப் பின்னாலை இருக்கிற பாழ்கிணத்துக்குள்ளை இருக்கிறன்." சொல்லி முடிய அவன் இல்லை. தாய்க்காரி வெறுங்கையைப் பாத்துக்கொண்டு ஒதுங்க, அடுத்தவ வந்தா. "நான் பதினாலாம் கட்டை ரோட்டிலை, பாலத்துக்குக் கீழை இருக்கிறன்." "நான் பழைய தும்புத் தொழிற்சாலையின்ரை தரைக்குக் கீழை, இன்னும் ஆறு பேரோடை இருக்கிறன்." ஆமி முகாம் பேர் வரேக்கை பொறுப்பாளர் கையைக் கட்டிக்கொண்டு நிமிர்ந்து இருந்தார். இயக்கத்தின்ரை காட்டு முகாம் பேர் வரேக்கை பிரிகேடியர் தலையை ஆட்டினார். மாறி மாறி வரவர இரண்டு பேரும் தலையைக் குனிஞ்சிட்டினம். நான் நிப்பாட்டேல்லை. நான் கிணத்துக்குள்ளை இருக்கிறன், நான் கடலிலை இருக்கிறன், நான் கரும்புத் தோட்டத்திலை இருக்கிறன், என்னைச் சுட்டவை, என்னை அடிச்சவை, எனக்குத் தண்ணி தராமல் விட்டவை எண்டு ஒரு ஆளுக்குப் பிறகு ஒரு ஆளாய் நான் சொல்லிக்கொண்டே போனன், தொண்டை வறண்டது, தண்ணி குடிக்க நேரமில்லை, ஒவ்வொருதரும் போகப் போக வரிசை கட்டையாகிக்கொண்டு வர, வரிசைக்கு அங்காலை நாவல் மரத்தடியிலை இவர் தனிய நிண்டது எனக்கு வடிவாய்த் தெரிஞ்சது.

பன்னிரண்டு நிமிஷம் ஆச்சு, கடைசி ஆள் குசுமாவதியும் மகனும். அம்மாக்காரி கேட்டா. அந்தப் பெடியன், ஆமிப் பெடியன், நல்ல வளப்பு, எடுத்த எடுப்பிலை இடத்தைச் சொல்லமாட்டானாம். "அம்மே, கண் சத்திரசிகிச்சை செய்தீங்களோ?" எண்டான். நான் மொழிபெயர்க்கவேணும், மொழிபெயர்த்தன். "கூரை ஓடு மாத்தினீங்களோ? தங்கச்சி பரீட்சை பாஸ் பண்ணினவளோ?" மொழிபெயர்த்தன். சொல்லடா மகனே, கெதியாய்ச் சொல்லடா எண்டு என்ரை உள்ளுக்குள்ளை பதறுது, வாய் மட்டும் "நான் உங்களை நெடுக நினைச்சனான் அம்மா" எண்டு அவன்ரை ஆறுதலான குரலிலை சொல்லிக்கொண்டிருக்கு. மைக்கைப் போட்டிட்டு ஓடியிருக்கலாம். ஓடினால் அந்தத் தாய்க்கு இடம் இல்லை, அவவுக்கு மூண்டு பஸ் திரும்பி மாறிப் போகவேணும். சிவக்கொழுந்து அக்கா என்ரை முகத்தைப் பாத்து விளங்கிக்கொண்டு, சீலையைத் தூக்கிப் பிடிச்சுக்கொண்டு நாவல் மரத்தடிக்கு ஓடினா. "தம்பி, டீச்சருக்காகக் கேக்கிறன், எங்கை ஐயா இருக்கிறீர், ஆர் உம்மைக் கொண்டு போனது?" எண்டு அவ கத்திக் கேட்டது மைக்கிலும் விழுந்தது. இவர் சிரிச்சார். என்னை நோக்கிக் கையைக் காட்டினார், அவ கேக்கட்டும் எண்டு. பிறகு என்னைப் பாத்து உள்ளங்கையைப் பதிச்சு, அவசரமில்லை, முடிச்சிட்டு வாரும் எண்டு காட்டினார். நான் வீட்டிலை சோதனைப் பேப்பர் திருத்தேக்கை சோறு ஆறுது எண்டாலும் அந்தாள் அப்பிடித்தான் காட்டுவார்.

"நான் காட்டுக்குள்ளை, இரண்டு பாலை மரத்துக்கு நடுவிலை இருக்கிறன் அம்மா, பயப்பிடாதையுங்கோ" எண்டு பெடியன் சொன்னான். அவன் சிங்களத்திலை சொன்னதை நான் தமிழிலை சொல்லி, தமிழிலை சொன்னதை இங்கிலிஷிலை சொல்லி முடிக்க, அந்தக் கடைசிச் சொல்லு வாயிலை இருக்கவே, சங்கும் தண்டவாளமும் ஒண்டாய்ச் சத்தம் போட்டுது. அதுக்கு முந்தி அந்த இரண்டும் ஒண்டாய்க் கேட்டதேயில்லை. எல்லாரும் கை தட்டிச்சினம். நான் நாவல் மரத்தைப் பாத்தன். சிவக்கொழுந்து அக்கா மட்டும் அங்கை நிண்டா.

நான் கதிரையிலை இருந்தன். நெட்டையர் எழுதின தாள்களை அடுக்கி என்னட்டைத் தந்தார். முப்பத்தொன்பது பேர், முப்பத்தொன்பது இடம், பின்னிணைப்பு எண்டு தலைப்புப் போட்டிருந்தார், அதைக் கொண்டுதான் பிறகு அங்கையிங்கை கிண்டினவை, கனபேருக்கு எலும்பாவது கிடைச்சது, மற்றதெல்லாம் மூண்டாம் கட்டத்திலை நிக்குது. "விடுபட்டது ஏதும் உண்டோ?" எண்டு சட்டப்படி கேட்டார். கேட்டவை, சொன்னவை, எல்லாம் அதிலை இருந்தது. விடுபட்டது ஒண்டுமில்லை எண்டு மூண்டு பாஷையிலையும் எழுதிக் கையெழுத்து வைச்சன்.

பிறகு பிரிகேடியர் எழும்பி வந்தார். "டீச்சர், களைச்சுப் போனியள்" எண்டு என்ரை வலக்கையைப் பிடிச்சுக் குலுக்கினார். அவருக்குப் பின்னாலை பொறுப்பாளர் வந்து, "நன்றி அக்கா" எண்டு அதே கையைப் பிடிச்சார். இரண்டு பேரின்ரை கையும் சூடாய்த்தான் இருந்தது. அதிலை இவரைக் கொண்டு போனது எந்தக் கை எண்டு எனக்கு இண்டைக்கும் தெரியாது.